ஞானப்பல் பிடுங்கிய வாரத்தில் கஞ்சா: புகைப்பதா, உண்பதா, விட்டுவிடுவதா?

வெள்ளிக்கிழமை பல் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன பிள்ளை, திங்கட்கிழமை காலை நாங்கள் கதவைத் திறப்பதற்கு முன்பே வாசலில் நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு கை கன்னத்தில். கண் இரண்டும் இரவு முழுவதும் உறங்காத கண். முதல் இரண்டு நாட்கள் வலி குறைந்துகொண்டுதான் வந்தது, மூன்றாம் நாள் திடீரென்று காது வரைக்கும் ஏறிவிட்டது, மாத்திரைக்குக் கட்டுப்படவில்லை என்பார்கள். வாயைத் திறந்ததும் ஒரு கெட்ட வாடை. பல் இருந்த குழியில் கருஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ரத்தக்கட்டி இல்லை. வெளிறிய எலும்பு தெரியும். "புகைத்தீர்களா?" என்று மருத்துவர் கேட்பார். பக்கத்தில் நிற்கும் அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு, "இல்லை" என்பார்கள்.

ஸ்காபரோவில் பல் மருத்துவ உதவியாளராக வேலை செய்கிறேன். மருத்துவர் அல்ல; மருத்துவரின் பக்கத்தில் நின்று உறிஞ்சுகுழாய் பிடிப்பவர், பிறகு பஞ்சுத்துணியை மடித்துக் கொடுத்து, வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் விளக்குபவர். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படி விற்கப்படுகிறது. ஒன்ராறியோவில் 19 வயது நிறைந்தவர் கடையில் வாங்கலாம். ஞானப்பல் பெரும்பாலும் பிடுங்கப்படுவதும் ஏறக்குறைய அதே வயதில்தான். ஆகவே கேள்வி எங்கள் நாற்காலிக்கு நாள்தோறும் வருகிறது: புகைக்கலாமா, மின்கருவியில் ஆவியாக்கி இழுக்கும் வேப் பரவாயில்லையா, இனிப்பாகச் சாப்பிட்டால் என்ன, இல்லை ஒன்றுமே வேண்டாமா? கஞ்சாவைப் பற்றிய நியாய அநியாயத்தை இங்கே நான் பேசப்போவதில்லை. இந்த ஒரு வாரத்துக்கு எது குறைந்த கேடு என்பதைத்தான் எடைபோடுகிறேன்.

எல்லாத் தெரிவுகளையும் அளக்க ஒரே ஓர் அளவுகோல் போதும். அந்த ரத்தக்கட்டி தங்குமா, போகுமா? பல் எடுத்த குழியில் ரத்தம் நிறைந்து சில நிமிடங்களில் உறைகிறது. அது வெறும் அடைப்பு அல்ல. அடியில் இருக்கும் எலும்புக்கும் நரம்பு முனைகளுக்கும் அதுதான் போர்வை. புதிய திசு ஏறி வளர அதுதான் பந்தல். முதல் நாள் அது கூழாக இருக்கும். மூன்று நாட்களில் ஓரளவு பிடித்துக்கொள்ளும். ஒரு வாரத்தில் அதன் இடத்தைப் புதிய திசு பிடிக்கத் தொடங்கிவிடும். மேலே ஈறு மூடி வர மூன்று நான்கு வாரங்கள், உள்ளே எலும்பு நிரம்ப மாதங்கள் ஆகும். கட்டி பெயர்ந்தோ கரைந்தோ போனால் வருவதைத்தான் 'உலர்குழி' என்கிறோம். 1896இல் கிராஃபோர்டு என்ற பல் மருத்துவர் முதன்முதலில் எழுதிவைத்த நோய் இது. சாதாரணமாகப் பல் எடுப்பவர்களில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு வரும். கீழ்த்தாடை ஞானப்பல்லில் அது பல மடங்கு கூடுதல்; சில ஆய்வுகளில் நூற்றுக்கு முப்பது வரை போயிருக்கிறது. எலும்பைச் செதுக்கி எடுத்த பல், கருத்தடை மாத்திரை, முன்பு ஒருமுறை உலர்குழி வந்த வரலாறு, புகை ஆகிய நான்கும் அந்த எண்ணிக்கையை ஏற்றுபவை. முதல் மூன்றையும் அந்த வாரத்தில் யாராலும் மாற்ற முடியாது. புகையை மாற்றலாம்.

புகைப்பதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். சுருட்டிய கஞ்சாவை இழுக்கும்போது கன்னம் உள்ளே குழிகிறதே, அந்த உறிஞ்சலே முதல் கேடு. உறிஞ்சுகுழலால் பழச்சாறு குடிக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்வதற்கும் இதுவே காரணம். வாய்க்குள் காற்றழுத்தம் குறையும்போது கூழ் நிலையில் இருக்கும் கட்டி தன் இடத்திலிருந்து இழுக்கப்படுகிறது. இரண்டாவது, வெப்பமும் புகையும் நேரே காயத்தில் படுகின்றன. எரியும் இலை எதுவானாலும் அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு, அது ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மூன்றாவதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை: இருமல். தொண்டையைக் கிழிக்கும் ஓர் இருமலுக்குத் தையலே விட்டுக்கொடுக்கும் என்றால் கட்டி எம்மாத்திரம்? கஞ்சா வாயை உலர்த்தவும் செய்கிறது. எச்சில் குறைந்த வாயில் கிருமி பெருகும். தாகம் தாங்காமல் எதையாவது வேகமாக உறிஞ்சிக் குடிக்கவும் தோன்றும்.

நீர்க்குடுவை வழியாக இழுப்பதை இதைவிட மென்மையானது என்று பலர் நம்புகிறார்கள். புகை குளிர்ந்து வருவது உண்மை. ஆனால் தண்ணீரைத் தாண்டிப் புகையை இழுக்க இன்னும் அதிக உறிஞ்சல் வேண்டும். பல் பிடுங்கிய வாரத்தில் இருக்கும் தெரிவுகளிலேயே மோசமானது இதுதான் என்பது என் எண்ணம். அதற்கு அடுத்தது புகையிலை கலந்து சுருட்டுவது. கஞ்சா மட்டும்தான், சிகரெட் பழக்கமே இல்லை என்று சொல்லும் பிள்ளையின் சுருட்டுத்தாளில் பாதி புகையிலையாக இருக்கும். நிகோடின் சிறு ரத்தக்குழாய்களைச் சுருக்கும். காயத்துக்குப் போக வேண்டிய ரத்தம் குறையும். உலர்குழியையும் புகையையும் இணைத்த ஆய்வுகளில் பெரும்பாலானவை புகையிலை பற்றியவை. ஆகவே கலந்து புகைப்பவர் இரண்டு கேட்டையும் சேர்த்து வாங்குகிறார்.

ஈரப் பஞ்சுத்துணியைக் குழிமேல் வைத்துக் கடித்துக்கொண்டு புகைக்கலாம் என்ற யோசனை இளையவர்களிடையே உலவுகிறது. புகை நேரே படுவதைத் துணி தடுக்கும், ஆனால் உறிஞ்சலைத் தடுக்காது. அதைவிட, கட்டியோடு ஒட்டிக்கொண்ட துணியை எடுக்கும்போது கட்டியும் சேர்ந்து வரலாம். எப்படியும் புகைக்கத்தான் போகிறேன் என்று ஒருவர் முடிவெடுத்துவிட்டால், முதல் மூன்று நாட்களையாவது கடக்கட்டும், முடிந்தால் ஏழு நாட்கள். பிறகும் புகையிலை கலக்காமல், சிறு இழுப்பாக, மூச்சை அடக்கிவைக்காமல், அதன்பின் வெதுவெதுப்பான உப்புநீரை வாயில் விட்டுத் தலையை மட்டும் சாய்த்துக் கொப்பளிக்கட்டும். எட்டாம் நாள் புகைப்பவரும் முதல் இரவிலேயே புகைப்பவரும் ஒரே ஆபத்தில் இல்லை. இதை நான் ஒளிக்காமல் சொல்வதற்குக் காரணம், "கூடவே கூடாது" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனவர்கள் அன்றிரவே புகைத்துவிட்டு வந்து நிற்பதைப் பார்த்ததுதான்.

வேப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. எரிதல் இல்லை, கரி இல்லை, வெப்பம் குறைவு. உறிஞ்சல் அப்படியே இருக்கிறது, வாய் உலர்வும் அப்படியே. புகையைவிட ஒரு படி மேல் என்றாலும், கட்டியைக் காக்கும் கணக்கில் இரண்டும் ஒரே பக்கத்தில்தான் நிற்கின்றன. புகைக்குச் சொன்ன நாள் கணக்கே இதற்கும்.

உண்பதுதான் ஆழமாக யோசிக்க வேண்டிய தெரிவு. வாயில் உறிஞ்சல் இல்லை, புகை இல்லை, குழிக்குப் பாதுகாப்பு. கனடாவில் உண்ணும் வகைகள் ஓராண்டு கழித்து, 2019 அக்டோபரில், சட்டத்துக்குள் வந்தன. ஒரு பொட்டலத்தில் கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி. 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. காகிதத்தில் பார்த்தால் இதுவே சரியான விடை போலத் தோன்றும். நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று பார்க்கும்போது அவ்வளவு எளிதாக இல்லை.

முதலாவது, நேரம். புகைத்தால் சில நிமிடங்களில் தெரியும். உண்டால் அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஒன்றுமே தெரியாது; உச்சம் வர நான்கு மணி நேரம்கூட ஆகலாம்; பன்னிரண்டு மணி நேரம் வரை நீடிக்கலாம். வலியில் இருப்பவருக்குப் பொறுமை இருக்காது. ஒன்று தின்று, ஒரு மணி நேரம் பார்த்து, வேலை செய்யவில்லை என்று இன்னொன்றும் தின்பார். இரண்டும் சேர்ந்து ஏறும்போது தலைசுற்றல், நெஞ்சுப் படபடப்பு, பயம், வாந்தி. புதிய காயம் உள்ள வாயில் வாந்தி என்பது உறிஞ்சலைவிடக் கொடியது: அழுத்தம், அமிலம், அசைவு மூன்றும் ஒருசேர வந்து காயத்தில் மோதும். புகைத்தே பழகியவருக்கு உண்ணும் அளவு புதிது என்பதையும் மறக்கக்கூடாது. நாள்தோறும் புகைத்தாலும், 2.5 மில்லிகிராமில் தொடங்கி நான்கு மணி நேரம் காத்திருப்பதே சரி.

இரண்டாவது, பண்டம். ஜெல்லி மிட்டாய் பல்லில் ஒட்டும், மென்றாக வேண்டும், பாதி மரத்த வாயில் மெல்லும்போது நாக்கைக் கடித்துக்கொண்டு வருபவர்களும் உண்டு. கேக் வகையின் துகள் குழிக்குள் இறங்கும். கடினமான சாக்லேட்டும் வேண்டாம். இந்த வரிசையில் எனக்கு ஏற்புடையது விழுங்கும் காப்சூல் அல்லது எண்ணெய்த்துளி மட்டுமே. காயம் இல்லாத பக்கமாக விட்டு விழுங்கிவிடலாம்.

மூன்றாவது, உடன் சேரும் மருந்து. ரத்தநாளம் வழியாக மயக்கம் கொடுத்துப் பல் எடுத்திருந்தால் அந்த மருந்தின் தடம் அன்று முழுவதும் உடலில் இருக்கும். கோடீன் என்ற வலிமருந்து கலந்த மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் அதுவும் தூக்கத்தையே கூட்டும். இவற்றின்மேல் கஞ்சாவையும் ஏற்றுவது பிடுங்கிய நாளில் எந்த வடிவிலும் வேண்டாம். கோடீன் எடுக்கும் வரை பிறகும் வேண்டாம்.

இத்தனைக்கும் நடுவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பல் வலிக்கு இது உண்மையிலேயே கேட்கிறதா? ஞானப்பல் அறுவை வலி மருத்துவ உலகில் தனி இடம் பெற்றது. புதிய வலிநிவாரணிகளைச் சோதிப்பதற்கு உலகெங்கும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். 1977இல் ஞானப்பல் எடுக்க வந்த பத்துப் பேருக்கு டி.எச்.சி.யை ரத்தநாளத்தில் ஏற்றிப் பார்த்தார்கள்; அது எதிர்பார்த்த வலிநிவாரணத்தைத் தரவில்லை, பதற்றத்தைக் கூட்டியது. மறுபக்கத்தையும் சொல்வதே நேர்மை. 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கடும் பல் வலியோடு வந்த 61 பேரில் கஞ்சாவில் உள்ள இன்னொரு பொருளான சி.பி.டி.யைத் தூய மருந்தாகப் பெற்றவர்களுக்கு வலி நன்றாகவே குறைந்தது. ஆனால் அது போதை தராத பொருள். கொடுத்த அளவு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 10 அல்லது 20 மில்லிகிராம். 60 கிலோ உள்ளவருக்குக் குறைந்தது 600 மில்லிகிராம். கடையில் வாங்கும் எண்ணெயில் சில துளிகளை விட்டுக்கொண்டு அதே பலனை எதிர்பார்க்க முடியாது.

மாறாக, மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் இரண்டு மாத்திரைகள் சேர்ந்தால் என்ன செய்யும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். ஐபுப்ரோஃபென் வீக்கத்தையும் சேர்த்துத் தணிக்கும். அசெட்டமினோஃபென், ஊரில் பரசிட்டமோல் என்போமே அதுதான், வேறு வழியில் வலியைக் குறைக்கும். இரண்டும் சேர்ந்து பெரும்பாலானவர்களுக்கு கோடீன் போன்ற ஓபியாய்டு மாத்திரைக்குக் குறையாத நிவாரணம் தருகின்றன. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 2024 வழிகாட்டுதலும் முதல் இடத்தை இவற்றுக்கே கொடுக்கிறது. பெரியவருக்கு வழக்கமாக 400 மில்லிகிராம் ஐபுப்ரோஃபென், 500 மில்லிகிராம் அசெட்டமினோஃபென். மரப்பு மருந்தின் வேகம் குறைவதற்கு முன்பே முதல் வேளையை விழுங்கிவிடுவதுதான் இதில் சூட்சுமம். வலி ஏறிய பிறகு துரத்திப் பிடிப்பது கடினம். குடல்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், மாத்திரையால் ஆஸ்துமா கிளம்புபவர்களும் ஐபுப்ரோஃபெனை மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. கோடீன் மாத்திரையில் அசெட்டமினோஃபென் பெரும்பாலும் ஏற்கெனவே கலந்திருக்கும் என்பதால் இரட்டிப்பாகாமல் பார்க்க வேண்டும்.

ஆகவே, எப்போதாவது வார இறுதியில் புகைப்பவர் என்றால் என் பதில் தயக்கமின்றி வரும்: ஒரு வாரம் விட்டுவிடுங்கள். மாத்திரை, முதல் நாள் பனிக்கட்டி ஒத்தடம், ஆறிய சொதியில் ஊறிக் குழைந்த இடியப்பம், மிளகாய் படாத கஞ்சி. சோற்றுப் பருக்கை குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், அதைக் கொஞ்ச நாள் தள்ளிவைக்கலாம். ஏழு நாட்கள் பறந்துவிடும்.

நாள்தோறும் புகைப்பவருக்கு இதே பதிலைச் சொல்லிக் கைகழுவுவது அநியாயம். திடீரென்று நிறுத்தினால் இரண்டாம் மூன்றாம் நாளில் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை, வியர்வை எல்லாம் வரும்; முதல் வாரத்தில்தான் அது உச்சம். அதாவது கட்டிக்கு ஆபத்தான நாட்களும் மனம் அலையும் நாட்களும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுகின்றன. மூன்றாம் நாள் இரவு உடைந்துபோய் நீர்க்குடுவையை எடுப்பவர், வீரமாக விரதம் இருக்க முயன்றவராகவே இருப்பார். இவருக்குக் காப்சூலோ எண்ணெயோ சரியான பாலம். இரண்டாம் நாளிலிருந்து, குறைந்த அளவில், படுப்பதற்கு முன்பு, கோடீன் எடுக்காவிட்டால் மட்டும், மருத்துவருக்குத் தெரிவித்துவிட்டு. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு இந்தப் பாலமும் கிடையாது. கஞ்சா அதன் வேலையைக் கூட்டி ரத்தம் கசிவதை நீட்டலாம். முடிந்தால் பல் எடுக்கும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வருவது எல்லாவற்றிலும் மேல்.

பல் பிடுங்காமல், ஹாக்கி ஆட்டத்திலோ பனியில் சறுக்கியோ வாயில் அடிபட்டு வருபவர்களுக்குக் கணக்கு சற்று மாறுகிறது. உதட்டில் மட்டும் தையல் என்றால் உறிஞ்சலைவிட வெப்பமும் தையல் இழுபடுவதும் பெரிது. தையல் எடுக்கும் வரை புகை வேண்டாம். தாடை முறிந்து பல்லோடு பல் கம்பியால் கட்டியிருந்தால் நான் அஞ்சுவது உண்ணும் கஞ்சாவைத்தான். வாய் திறக்க முடியாத நிலையில் வாந்தி வந்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போகலாம். கம்பி வெட்டும் கருவியை அவர்களுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கச் சொல்வது அதற்காகத்தான். அவர்கள் கம்பி அவிழும் வரை எந்த வடிவத்தையும் தொடாமல் இருக்க வேண்டும்.

ஏற்கெனவே உலர்குழி வந்துவிட்டதா? வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம், மருத்துவமனையை அழையுங்கள். குழியைக் கழுவி மருந்துத் துணி வைப்பார்கள். பல மருந்துத் துணிகளில் இருப்பது யூஜெனால், அம்மம்மாவின் கராம்பெண்ணெயில் மணக்கும் அதே பொருள். வைத்த சில நிமிடங்களில் முகம் மாறுவதைப் பார்க்கலாம். என் வேலையில் எனக்கு மிகப் பிடித்த நிமிடங்கள் அவை. காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வீக்கம், விழுங்கச் சிரமம் இருந்தால் அது வேறு, உடனே அவசரப் பிரிவு.

இதுவரை சொன்ன எல்லாம் பிடுங்கிய பிறகு. பிடுங்குவதற்கு முன்னால் ஒரு படிவம் இருக்கிறது. அதில் "கஞ்சா பயன்படுத்துகிறீர்களா?" என்ற கேள்வியும் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் அதை அம்மாவின் தோளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்புகிறார்கள். "இல்லை" என்ற கட்டத்தில் கோடு விழுகிறது.

அந்தக் கோடு புகையைவிட ஆபத்தானது என்று உறுதியாகச் சொல்வேன். கஞ்சா இதயத் துடிப்பை ஏற்றும். மரப்பு ஊசியில் கலந்திருக்கும் அட்ரினலினும் ஏற்றும். தெரிந்தால் மருத்துவர் அளவையும் நேரத்தையும் மாற்றுவார். கொலராடோவில் உள்நோக்கி (எண்டோஸ்கோபி) பரிசோதனைக்கு வந்த 250 பேரை வைத்து 2019இல் வெளியான ஆய்வில், வழக்கமாகக் கஞ்சா பயன்படுத்தியவர்களுக்கு புரொபோஃபால் என்ற மயக்க மருந்து மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் தேவைப்பட்டது. மயக்க மருத்துவத் துறைக்கான அமெரிக்கச் சங்கம் ஒன்றின் 2023 வழிகாட்டுதல் எல்லா நோயாளிகளிடமும் இதைக் கேட்கச் சொல்கிறது. புகைத்து இரண்டு மணி நேரமாவது ஆகாமல் அவசரமில்லாத அறுவையைத் தொடங்க வேண்டாம் என்கிறது. பதற்றம் தணிய வரும் வழியில் தின்ற ஒரு ஜெல்லி மிட்டாயும் மயக்கத்துக்கு முன் வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்ற விதியை உடைத்துவிடுகிறது. சொன்னால் பல் எடுக்கும் நாளைத் தள்ளிவைப்போம், அவ்வளவுதான். யாரும் காவல்துறையை அழைப்பதில்லை. வயதுவந்தவர் சொன்ன மருத்துவத் தகவலை அவர் அனுமதியில்லாமல் பெற்றோரிடம் சொல்ல ஒன்ராறியோ சட்டம் எங்களை விடாது.

இதைப் படிக்கும் அம்மாக்களிடம் ஒரு வேண்டுகோள்: படிவம் நிரப்பும்போது எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

அப்படிப் போகாதவர்களுக்காகவும் ஓர் இடம் வைத்திருக்கிறேன். எக்ஸ்ரே எடுக்கும்போது உடன் வந்தவர் அறைக்கு வெளியே நின்றாக வேண்டும். கதவு சாத்தியதும், ஈயக் கவசத்தைத் தோளில் போட்டுக்கொண்டே அந்தக் கேள்வியை மெதுவாக மறுபடி கேட்கிறேன். சிலர் அப்போதும் இல்லை என்கிறார்கள். போன மாதம் ஒரு தம்பி கவசத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அக்கா, காலையில் ஒன்று. கார் நிறுத்துமிடத்தில்" என்றான். அவனுக்கு அடுத்த வியாழக்கிழமைக்கு நேரம் மாற்றிக் கொடுத்தோம். வெளியே காத்திருந்த அம்மாவிடம் மருத்துவருக்கு இன்னொரு நாள் வசதியாக இருக்கும் என்று மட்டும் சொன்னேன்.